யார் மடியில் முதல் சோறு

1

இனியாவுக்கு ஒரு வயது முடியச் சில வாரங்கள் இருந்தபோது, அவளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பெண்ணோடு எனக்குச் சண்டை வந்தது. சண்டை என்றால் இந்த நாட்டுச் சண்டை. இருவரும் குரலை உயர்த்தவில்லை. அவள் சிரித்துக்கொண்டே பேசினாள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

நாங்கள் இருப்பது ஜெர்மனியில், காஸல் என்கிற ஊரில். இங்கே சில பெண்கள் அனுமதி வாங்கிக்கொண்டு தங்கள் வீட்டிலேயே நாலைந்து கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு இந்த மொழியில் இருக்கும் பெயரைத் தமிழில் சொன்னால் 'பகல் அம்மா'. காலையில் நான் மொழி வகுப்புக்குப் போகும் நேரம் இனியா பகல் அம்மாவிடம் இருப்பாள். அன்று வகுப்பு சீக்கிரம் முடிந்துவிட்டதால், குழந்தைகள் சாப்பிடும் நேரத்துக்குப் போய் நின்றேன். குட்டை மேசையைச் சுற்றி எல்லாக் குழந்தைகளும் கொத்துக்கறி பிசைந்த சேமியாவை அள்ளிப் பூசிக்கொண்டிருந்தார்கள். இனியாவின் தட்டில் மட்டும் வெறும் அவித்த உருளைக்கிழங்கு. அவள் அதைத் தொடவில்லை. பக்கத்துப் பையனின் தட்டுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தாள்.

ஏன் என்று கேட்டேன்.

"நீங்கள் இந்தியர்கள் அல்லவா? உங்கள் மதத்தில் இறைச்சி கிடையாதே. உங்களுக்கு மரியாதை தர வேண்டும் என்று முதல் நாளிலிருந்தே எடுத்துவிடுகிறேன்" என்றாள் பகல் அம்மா.

என் மதமும் உன் மதமும் ஒன்றுதான், காஞ்சிபுரத்தில் எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்று சொன்னேன். நான் ஏதோ வீம்புக்குச் சொல்வதுபோலப் பார்த்தாள். எனக்குத் தலைக்கேறிவிட்டது. இனியா எல்லாமே சாப்பிடுவாள் என்று சொல்ல நினைத்தேன். இந்த மொழியில் அந்தச் சொல்லின் கடைசியில் ஒரு 'ஸ்' வர வேண்டும். கோபத்தில் அதை விட்டுவிட்டேன். "என் மகள் எல்லோரையும் சாப்பிடுவாள்" என்று சொல்லியிருக்கிறேன். பகல் அம்மா தன் மேசையைச் சுற்றியிருந்த குழந்தைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். தவறு வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது. திரும்பிப் போய்த் திருத்தவில்லை. அன்றைக்கு இருந்த கோபத்துக்கு அதுவே சரியாக இருந்தது.

மறுநாளிலிருந்து இனியாவின் தட்டிலும் கறி வந்தது. அந்தச் சண்டை அதோடு முடிந்தது. ஆனால் என் பிள்ளை வாய்க்குள் என்ன போக வேண்டும் என்று என்னைத் தவிர எல்லோரும் முடிவு செய்த வருஷம் இது. ஊரில் இருப்பவர்கள் அதில் ஒரு பாதியைத்தான் கேட்டிருப்பீர்கள், அதுவும் அடுத்தவர் வாயிலிருந்து. மீதியை நானே எழுதிவிடுகிறேன்.

2

என்னைத் தெரியாதவர்களுக்காக: நான் காஞ்சிபுரத்தை ஒட்டிய செவிலிமேட்டுப் பெண். அப்பா, அம்மா இருவரும் இல்லை. பிறந்த வீடு என்றால் என் தம்பி ஸ்டீபன்தான். அவன் ஒரகடம் பக்கம் ஒரு கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறான். எங்கள் தாத்தா காலம் வரைக்கும் ஊரார் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள் நாங்கள். நான் பிள்ளையார்பாளையத்தில் கம்ப்யூட்டரில் புடவை பார்டர் டிசைன் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த மென்பொருளைச் சொல்லிக்கொடுத்த சென்டரில் வாத்தியாராக இருந்தவன் சீனு. அவன் வீடு சின்ன காஞ்சிபுரத்தில், கோயிலுக்கு மிகவும் பக்கத்தில். அப்பா சமஸ்கிருத ஆசிரியர். இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். அவன் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. பிறகு அவனுக்கு இங்கே வேலை கிடைத்தது.

இனியா பிறந்து ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் குடித்தாள். நன்றாகத்தான் இருந்தாள், ஆனால் உதடு கொஞ்சம் வெளுத்திருந்தது. என் நிறத்தில் பிறந்த குழந்தைக்கு உதடு வெளுப்பதை இங்கே யாரும் கவனிக்க மாட்டார்கள். நான் கவனித்தேன். டாக்டரிடம் தூக்கிப் போனேன். சீனு வேலையில் இருந்தான். நான் மட்டும்.

டாக்டர் கணினியைப் பார்த்தபடியே கேள்விகளைக் கேட்டார். 'ஷ்டில்லன்' என்று ஒரு சொல் வந்தது. அந்த வாரம்தான் வகுப்பில் 'ஷ்டில்' என்றால் அமைதி என்று படித்திருந்தேன். குழந்தை அமைதியாக இருக்கிறதா என்று கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டு, "இல்லை, இல்லை" என்று சிரித்தேன். அவர் எதையோ தட்டிக்கொண்டார். குழந்தையின் விரலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து உள்ளே அனுப்பினார். ரத்தத்தில் இரும்புச் சத்து குறைவு என்று வந்தது. உடனே எந்த மாவுப் பால் வாங்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார்.

மாவுப் பால் எதற்கு என்றேன்.

"தாய்ப்பால் கொடுக்கவில்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள்" என்றார். சொல்லிவிட்டு, ஏன் நிறுத்தினீர்கள் என்று ஒரு மாதிரியான நிதானத்தோடு கேட்டார். குழந்தையைக் கவனிக்காத வெளிநாட்டுப் பெண்களிடம் பேசுவதற்கென்றே அவர்களிடம் ஒரு நிதானம் இருக்கிறது.

அந்தச் சொல்லுக்குத் தாய்ப்பால் கொடுப்பது என்றும் அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. விளக்க ஆரம்பித்தேன். வார்த்தை வரவில்லை. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் பேசுவதை நிறுத்திவிட்டு, சட்டைப் பொத்தானைக் கழற்றி, அவர் நாற்காலிக்கு நேர் எதிரே உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தேன். இனியா சத்தமாகக் குடித்தாள். டாக்டர் கணினியில் போட்டதை அழித்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

பிறகு விஷயத்துக்கு வந்தார். ஆறு மாதத்துக்கு மேல் தாய்ப்பாலில் இருக்கும் இரும்பு குழந்தைக்குப் போதாதாம். பால் நிறுத்த வேண்டாம், அதோடு சேர்த்துத் திட உணவு தொடங்க வேண்டும். சொட்டு மருந்து ஒன்று. மதியம் ஒரு வேளை, காய், உருளைக்கிழங்கு, கறி மூன்றையும் வேக வைத்து மைய அரைத்த கூழ். இந்த ஊரில் எல்லாக் குழந்தைக்கும் முதல் சாப்பாடு பெரும்பாலும் அதுதான்.

"கறி கொடுப்பீர்களா?" என்று சந்தேகத்தோடு கேட்டார்.

கொடுப்பேன் என்றேன்.

3

சாயங்காலம் சீனு பார்க்கவே சொட்டு மருந்தைக் கொடுத்தேன், இனியா கக்கினாள். பிறகு டாக்டர் கறி கொடுக்கச் சொன்னதை அவனிடம் சொன்னேன். அவன் வெளியே போனால் முட்டை சாப்பிடுவான், அதற்கு மேல் போனதில்லை. நான் சமைத்துச் சாப்பிடுவதை அவன் தடுத்ததும் இல்லை. ஆனால் பிள்ளை விஷயம் வேறு என்று அவன் முகத்தில் தெரிந்தது.

"சொட்டு மருந்து போதாதா?"

"அதைக் கொடுத்தா கக்குறா. நீயே பார்த்த இல்ல."

"கீரை, பருப்பு..."

"அதுவும் குடுக்கலாம். டாக்டர் இதையும் குடுக்கச் சொன்னாரு. உனக்கு இன்னா பிரச்சனை, கறியா, இல்ல உங்க அம்மாவா?"

அவன் மறைக்கவில்லை. "அம்மாதான்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "கொடு. அம்மாகிட்ட மட்டும் சொல்லாத" என்றான்.

முதல் கரண்டியை இனியா துப்பினாள். இரண்டாவதையும் துப்பினாள். சுவர், என் சட்டை, அவள் புருவம் எல்லாம் கேரட் நிறம். ஒரு வாரம் இப்படியே போனது. பிறகு ஒரு நாள், என்ன நினைத்தாளோ, வாயைத் திறந்து வாங்கி, நாக்கால் இப்படியும் அப்படியும் புரட்டி, விழுங்கினாள். அதற்குப் பிறகு கிண்ணத்தைப் பார்த்தாலே மேசையைத் தட்டுவாள். சாப்பிட்டுவிட்டுப் பாலும் குடிப்பாள். பல் முளைக்காத ஈறால் என்னைக் கடிக்கவும் ஆரம்பித்தாள்.

சனிக்கிழமை எனக்கு மொழிப் பள்ளியில் கூடுதல் வகுப்பு உண்டு. அன்று மதியம் அவளுக்கு ஊட்டுவது சீனுவின் வேலை. நான் அரைத்து வைத்துவிட்டுப் போவேன். திரும்பி வரும்போது கிண்ணம் கழுவிக் கவிழ்த்தியிருக்கும். அவன் எப்படி ஊட்டினான், மூக்கைப் பிடித்துக்கொண்டானா, முகத்தைத் திருப்பிக்கொண்டானா, நான் கேட்கவில்லை.

4

குழந்தை பிறந்த செய்தி போனதிலிருந்தே சீனுவின் அம்மா போன் செய்ய ஆரம்பித்திருந்தார். கல்யாணத்துக்கு வராதவர்கள் பேத்திக்கு வந்துவிட்டார்கள். அவரை என்னவென்று கூப்பிடுவது என்பது எனக்கு இன்னும் முடிவாகவில்லை. அம்மா என்று வாயில் வரவில்லை, மாமி என்றால் அவருக்குப் பிடிக்கவில்லை. "நீங்க" என்று ஆரம்பித்துச் சமாளிப்பேன். அவரும் என் பெயரைச் சொல்வதில்லை.

குழந்தைக்கு முதல் சோறு ஊட்டும் அன்னப்பிராசனம் எங்கள் வீட்டில்தான் நடக்க வேண்டும், அழைத்து வா என்றார். இனியாவுக்கு எட்டு மாதம் ஆனபோது போனோம். நான் எதிர்க்கவில்லை. ஸ்டீபன் அதுவரை அவளைப் போனில்தான் பார்த்திருந்தான்.

சின்ன காஞ்சிபுரத்து வீட்டில் என்னை யாரும் ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லவில்லை. சாப்பிட்ட தட்டை நான் கழுவி வைத்தால், அது இன்னொரு தடவை கழுவப்படும் சத்தம் கேட்கும். சமையல்கட்டு வாசலில் நான் நின்றால், "நீ போய்க் குழந்தையைப் பாரு, பாவம், அலுப்பா இருப்பே" என்பார். மாமனார் தங்க மோதிரத்தில் தேன் தொட்டுக் குழந்தை நாக்கில் வைக்க வந்தபோது நான் அவர் கையைத் தடுத்தேன். ஒரு வயதுக்குள் தேன் கூடாது என்றேன். "நாங்கள்லாம் தேன் நக்கித்தான் வளந்தோம்" என்றார். சீனு குறுக்கே வந்து, "வேண்டாம்ப்பா, அங்க டாக்டரும் அதைத்தான் சொன்னார்" என்று மோதிரத்தைத் துடைத்துக் கொடுத்தான். அந்த நாளெல்லாம் மாமனார் என் பக்கம் திரும்பவில்லை.

அங்கே இனியாவுக்குத் தாய்ப்பால் மட்டும்தான். சோறூட்டும் நாள் வரைக்கும் வேறு எதுவும் தொடக் கூடாது. இரண்டு மாதமாக மதியம் சாப்பிட்டுப் பழகிய பிள்ளை, வேளை வந்ததும் தரையைத் தட்டித் தட்டி அழுதாள். "பால் பத்தலையோ என்னமோ" என்று மாமியார் கவலைப்பட்டார். அந்தக் கவலை உண்மை. அவர் வெந்தயமும் பூண்டும் போட்டு எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தார். எனக்கு அதை நினைத்தாலும் இன்று எரிச்சலாகத்தான் இருக்கிறது. வெறுக்க வந்த இடத்தில் ஒருவர் கஞ்சி வைத்துக் கொடுத்தால் என்ன செய்வது?

அதற்குப் பிறகு, தம்பி வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று தினமும் காலையில் கிளம்பிவிடுவேன். செவிலிமேடு ஒன்றும் தூரமில்லை. ஸ்டீபனுக்கு அப்போது மாலை ஷிப்டு. மதியம் வரை வீட்டில் இருப்பான். கம்பெனி நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கிய காலத்தில் சமையல் கற்றுக்கொண்டவன். கோழிக்கறியும் பூசணியும் ஒரு பிடி அரிசியும் குக்கரில் குழைய விட்டு, மிக்ஸியில் அரைத்து, ஆறவைத்து, மடியில் உட்கார வைத்து ஊட்டுவான். கரண்டியைத் தூரத்திலிருந்து கொண்டுவந்து, "கம்பெனி பஸ் வந்துடுச்சி பாப்பா, கதவத் தொற, ஆளுங்க ஏறணும்" என்பான். அவள் வாயைத் திறப்பாள். ஒவ்வொரு கரண்டிக்கும் பஸ் வர வேண்டும். வராவிட்டால் அவன் தாடையில் அறைவாள்.

"அங்க இன்னாதான் குடுக்குறாங்க பாப்பாக்கு?" என்று கேட்டான்.

"ஒண்ணும் இல்ல. விசேஷம் முடியுற வரைக்கும் பால்தான்."

"நீ சொல்லிட வேண்டியதுதானேக்கா?"

"சொல்லுவேன்" என்றேன்.

5

விசேஷத்துக்கு முந்தைய நாள் மாமியார் ஏற்பாடுகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். குழந்தையை மாமன் மடியில் வைத்துத்தான் முதல் அன்னம் ஊட்ட வேண்டும். "கண்ணன் வரான், அவன் மடியில வெச்சுண்டுடலாம்" என்றார். கண்ணன் சீனுவின் அத்தை பிள்ளை.

"மாமன்னா என் தம்பிதாங்க" என்றேன்.

"அவர் வரட்டும், தாராளமா வரட்டும். ஹால்ல உக்காரட்டும். மந்திரம், சங்கல்பம்னு எல்லாம் இருக்கோன்னோ, அவருக்குச் சங்கோஜமா இருக்கும்."

சீனு, "ஸ்டீபன் உக்காந்தா என்னம்மா?" என்று கேட்டான். அவர் வாழை இலையை எண்ணப் போனார். சீனு இரண்டாவது முறை கேட்கவில்லை. கேட்பான் என்று நான் காத்திருந்தேன்.

மறுநாள் ஸ்டீபன் லீவு போட்டுவிட்டு வந்தான். புதுச் சட்டை. குழந்தைக்கு ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு. ஹாலில் வாசல் பக்கம் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வந்திருந்தவர்கள் எல்லோரும் எவர்சில்வர் டபராவில் காபி ஆற்றிக் குடித்தார்கள். அவனுக்குக் காகிதக் கோப்பை. டம்ளர் போதவில்லையாம். பிறகு சீனு எனக்குச் சொன்ன விளக்கம் அது. சமையல்கட்டில் கவிழ்த்து வைத்திருந்த டம்ளர்கள் என் கண்ணுக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தன.

கண்ணன் மடியில் இனியாவை வைத்தார்கள். பெருமாளுக்குப் படைத்த அக்காரவடிசல், வெள்ளிக் கிண்ணம். மாமனார் மந்திரம் சொல்லி முதல் துளியை அவள் உதட்டில் வைத்தார். அவள் உதட்டை மூடிக்கொண்டாள். மாமியார் முயன்றார். கண்ணன் முயன்றான். அவள் முதுகை வளைத்துக்கொண்டு கத்த ஆரம்பித்தாள். நெய்யும் வெல்லமும் கன்னத்தில் வழிந்தன. யாரோ பாட்டுப் பாடினார்கள். யாரோ மணி ஆட்டினார்கள். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது, பெரியவர்கள் முகம் மாறியது.

ஸ்டீபனுக்குப் பொறுக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, யோசிக்காமல், "பாப்பா, கம்பெனி பஸ் வந்துடுச்சி பாரு" என்றான்.

இனியா அழுகையை நிறுத்திவிட்டு வாயைத் திறந்தாள். கதவு திறந்ததுபோல அவ்வளவு பெரிதாக. மாமியார் சட்டென்று கரண்டியை வைத்துவிட்டார். உள்ளே போய்விட்டது. எல்லோரும் சிரித்தார்கள். மணி ஆட்டியவர் மறுபடி ஆட்டினார்.

மாமியார் சிரிக்கவில்லை. குழந்தையின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். பால் மட்டுமே குடித்த குழந்தை கரண்டியைக் கண்டால் நாக்கால் தள்ளும். இவள் அதை உதட்டால் வழித்து, மென்று, அடுத்ததுக்கு வாயைக் காட்டினாள். ஒரு பிள்ளையை வளர்த்தவருக்கு அது போதும்.

"ஏற்கெனவே சாப்பிடறாளா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமாங்க. ரெண்டு மாசமா."

"இதுதான் முதல் அன்னம்னு நாங்க நினைச்சிண்டிருக்கோம்." சொல்லிவிட்டு, "என்ன கொடுக்கறே?" என்றார்.

"காய், கிழங்கு, கறி."

மணி நின்றது.

"ரத்தத்துல இரும்பு கம்மியா இருந்திச்சி. டாக்டர் சொன்னாரு. குடுத்தேன். இங்க வந்தப்புறம் செவிலிமேட்டுல குடுத்துக்கினு இருக்கேன். கோழி."

"ரத்தத்துக்கு முருங்கைக்கீரை இல்லையா? பேரீச்சம்பழம் இல்லையா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் பண்ணித் தந்திருக்க மாட்டேனா?" அவர் குரல் உயரவில்லை, உடைந்தது.

முருங்கைக்கீரையும் கொடுத்திருக்கலாம்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே நின்ற அத்தனை பேரும் என்னை, குழந்தைக்கு ஏதோ விஷத்தை வைத்தவளைப்போலப் பார்த்தார்கள். நான் சாப்பிட்டு வளர்ந்தது அது. என் அம்மா எனக்கு ஊட்டியது அது.

"அது எங்க வீட்டுல மருந்து இல்லீங்க. சாப்பாடு" என்றேன்.

மாமனார் என்னிடம் பேசவில்லை. மகனிடம்தான் பேசினார். "சீனு, பூஜை பண்ணின இடம். இவாளை அழைச்சிண்டு போ. அப்புறம் பேசிக்கலாம்."

சீனு எழுந்து வந்தான். கண்ணன் மடியிலிருந்து இனியாவைத் தூக்கிக்கொண்டான். அவளை என்னிடம் கொடுத்துவிட்டு அங்கேயே இருந்துவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

"ஊட்டினது நானும்தான்ப்பா" என்றான். "சனிக்கிழமை இவ க்ளாஸுக்குப் போயிடுவா. நான்தான் ஊட்டுவேன். கிண்ணத்துல மிச்சம் இருந்தா கொட்ட மனசு வராது. நானே சாப்பிட்டுடுவேன்."

கழுவிக் கவிழ்த்திய கிண்ணங்கள். எனக்கு அது தெரியாது. தன் அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டே அவன் அதைச் சொன்னான். பிறந்த வீட்டில் நின்று ஒருவன் இதைவிடப் பெரிதாக ஒன்றையும் சொல்லிவிட முடியாது. மாமியார் வெள்ளிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வெகு நேரம் அது மூடப்படவில்லை.

6

இலை போட்டிருந்தார்கள். யாரும் எங்களை உட்காரச் சொல்லவில்லை. சீனு பெட்டிகளைக் கட்ட உள்ளே போனான். நானும் ஸ்டீபனும் குழந்தையோடு பஸ் நிறுத்தத்துக்கு வந்தோம். காலிக் காகிதக் கோப்பையை எங்கே போடுவது என்று தெரியாமல் அவன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தான். புதுச் சட்டையில் காபிக் கறை.

நான் ஒரு மாதிரி நிமிர்ந்துதான் நின்றேன். "பார்த்தியாடா, எப்பிடி மூஞ்சி போச்சி எல்லாருக்கும்" என்றேன்.

"என்னை இன்னாத்துக்குக்கா கூப்ட?" என்றான் அவன்.

"நீ மாமன்டா."

"மாமன்னு ஹால்ல உக்கார வைக்கிறதுக்கா? உனக்கு முன்னாடியே தெரியும் இல்ல, மடியில வேற ஆள வைக்கப் போறாங்கன்னு? நேத்தே சொல்லியிருந்தா நான் வந்திருக்க மாட்டேன். கொலுச குடுத்தனுப்பியிருப்பேன்."

"அவங்க பண்ணதுக்கு என்கிட்ட கோவப்படுற?"

"அவங்க எப்பவும் அப்பிடித்தான். அவங்ககிட்ட கோவப்பட்டு இன்னா ஆவப்போவுது?" அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். "நீ நல்லா பேசின. இல்லன்னு சொல்லல. பேசிட்டு அடுத்த வாரம் பிளேன் ஏறிடுவ. நான் இந்த ரோட்லதான் தெனமும் பஸ் ஏறணும். கண்ணன்னு ஒருத்தன் மடியில வெச்சிக்கினான் பாரு, அவன் எங்க கம்பெனி ஆபீஸ்ல ஹெச்.ஆர்ல இருக்கான்கா. என்னைப் பார்த்ததும் தெரியாத மாதிரி திரும்பிக்கினான்."

வெளிநாட்டில் இருப்பவர்களின் தைரியம் திரும்பிப் போகும் டிக்கெட்டோடு சேர்ந்து வருவது. அதை ஊரில் இருப்பவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், சொல்வதில்லை. அவன் சொல்லிவிட்டான். சொன்னவன் என் தம்பி என்பதால் எனக்கு அவன் மேலும் கோபம் வந்தது.

டவுன் பஸ் வந்தது. இனியாவை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு முதலில் ஏறினான். அவளுக்குப் பசி எடுக்க ஆரம்பித்திருந்தது. கூட்டத்தில் யாரோ ஓர் அம்மா எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். உட்கார்ந்து முந்தானையை இழுத்துவிட்டுப் பால் கொடுத்தேன். ஸ்டீபன் மற்றவர்கள் மேலே இடிக்காமல் இருக்கக் குறுக்கே கையை வைத்துக்கொண்டு நின்றான்.

மாலையில் சீனு பெட்டிகளோடு வந்து சேர்ந்தான். மீதி நாட்களை அங்கேயே கழித்தோம். ஸ்டீபன் ஷிப்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தான். குழந்தையிடம் பேசினான், சீனுவிடம் பேசினான். என்னிடம் கிளம்பும் நாளில்தான் பேசினான். "போய்ட்டு போன் பண்ணு" என்றான், அவ்வளவுதான்.

7

காஸலுக்குத் திரும்பியதும் மறுபடி ரத்தம் பார்த்தார்கள். சரியாகிக்கொண்டு வருகிறது, தொடருங்கள் என்றார் டாக்டர். இம்முறை அவர் கேட்ட எல்லாக் கேள்விக்கும் ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிக் கேட்டுத்தான் பதில் சொன்னேன். அவருக்கு நேரமாயிற்று. ஆகட்டும்.

சின்ன காஞ்சிபுரத்திலிருந்து போன் நின்றுவிட்டது. சீனு ஞாயிற்றுக்கிழமைகளில் தானாகக் கூப்பிடுவான். அப்பா எடுத்து, மழை பெய்கிறதா என்று கேட்டு வைத்துவிடுவார். சீனு அதைப் பற்றி என்னிடம் ஒன்றும் குறை சொல்லவில்லை. ஆனால் போனை வைத்த பிறகு ஜன்னல் ஓரமாகப் போய் நிற்பான். அவனைச் சமாதானப்படுத்த எனக்குத் தோன்றவில்லை. அவனுக்கு நடந்தது நஷ்டம்தான் என்று எனக்குத் தெரியும். அந்த நஷ்டத்துக்கு நான் ஏன் வருத்தப்பட வேண்டும் என்றுதான் தோன்றும்.

போன வாரம் இனியாவின் பிறந்தநாள் வந்தது. வேலைநாள், அதனால் காலை உணவோடு முடித்துக்கொள்ளலாம் என்று இருந்தோம். அவள் உயர நாற்காலியில் உட்கார்ந்து வேக வைத்த முட்டையைத் துண்டு துண்டாகப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தாள். இப்போது யாரும் ஊட்ட வேண்டியதில்லை. கரண்டியை நீட்டினால் பிடுங்கிக்கொள்வாள். அது முடிந்ததும் என் மடிக்கு வந்து கொஞ்சம் பாலும் குடிப்பாள்.

சீனு போனை மேசையில் சாய்த்து வைத்து வீடியோவில் கூப்பிட்டான். முதலில் ஸ்டீபன் வந்தான். அங்கே மதியம். கம்பெனிச் சீருடையில் கேன்டீனில் இருந்தான், பின்னால் தட்டுச் சத்தம். பக்கத்துக் கட்டத்தில் இன்னொரு முகம் தெரிந்தது. மாமியார். இருவரையும் ஒரே அழைப்பில் சீனு சேர்த்திருந்தான். அவர்களிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை.

மாமியார் முதலில் குழந்தையைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். கன்னம், கை, கால் எல்லாம். பிறகு திரையின் இன்னொரு மூலையைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார்.

"அது யாரு?"

"ஸ்டீபன்மா" என்றான் சீனு.

"வணக்கங்கம்மா" என்றான் ஸ்டீபன். வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கினான்.

அவர் போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கட்டும் என்றும் நினைத்தேன். வைத்துவிட்டால் எனக்கு எல்லாம் எளிதாகிவிடும்.

"சாப்பிடறேளா?" என்று கேட்டார்.

"ஆமாங்கம்மா. இன்னிக்கு கேன்டீன்ல பிரியாணி."

"என்ன பிரியாணி?"

ஸ்டீபன் ஒரு நொடி தயங்கினான். "சிக்கன்மா."

"ம்" என்றார். "ஆறிடப் போறது. சாப்பிடுங்கோ."

ஸ்டீபன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். சீனு என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது. நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தான். ஒரு 'அம்மா', ஒரு 'நல்லா இருக்கீங்களா'. இதற்குப் பெயர் சமாதானம் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். நினைத்துக்கொள்ளட்டும். ஹாலில் உட்கார வைக்கப்பட்டவன் என் தம்பி, அவன் தம்பி இல்லை.

இனியா தட்டைத் தட்டினாள். தட்டு காலியாகியிருந்தது. இன்னொரு முட்டையை உரித்தேன். மஞ்சள் கருவோடு ஒரு துண்டைப் பிய்த்து, போனுக்கு நேராக, அவள் கையில் கொடுத்தேன். அவள் அதை வாயில் போட்டு மென்றாள். மாமியார் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த துண்டையும் கொடுத்தேன்.